காளான் கொட்டிலும் அதன் காற்றும்

போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் பின்னர் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் முன்னெடுக்கப்பட்ட வாழ்வாதார உதவித் திட்டங்களில் கோழிக்கூடு, தையல் இயந்திரம், கறவை மாடு என்பவற்றோடு காளான் கொட்டிலும் இடம்பெற்றது. காணி அதிகம் வேண்டியதில்லை; வீட்டை விட்டு வெளியே செல்லாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்; விதையிட்ட பைகளை வாங்கி வைத்தால் சில வாரங்களிலேயே கையில் காசு புரளும் என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். இவற்றில் எதுவும் பொய்யன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டு, மீனும் இறைச்சியும் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியான வேளையில், காளான் வளர்ப்புப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது.

எனினும், அவ்வாறு அமைக்கப்பட்ட கொட்டில்கள் சில இன்று விறகு அடுக்கவும் ஆடு கட்டவும் பயன்படுகின்றன. வன்னியில் அத்தகைய கொட்டில் ஒன்றைப் பார்க்க நேர்ந்தபோது, கணவரை இழந்து இரு பிள்ளைகளுடன் வாழும் அதன் உரிமையாளர் நம்மிடம் கூறிய வார்த்தைகள் இவை: "ஈரம் காணாதெண்டு சொன்னவை ஐயா. நாளுக்கு அஞ்சு தரம் தண்ணி அடிச்சனான். எல்லாம் பச்சை பிடிச்சு மணக்க வெளிக்கிட்டிட்டுது." கொட்டிலின் கூரை தகரம். ஈரம் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காக நான்கு பக்கமும் பொலித்தீனால் இறுக மூடப்பட்டிருந்தது. அவருடைய உழைப்பில் குறை காண எவராலும் இயலாது. அவருக்குச் சொல்லப்பட்ட பாடந்தான் பாதியில் நின்றுவிட்டது. வெப்பம், ஈரப்பதன், வாடை ஆகிய மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. மூன்றும் கொட்டிலின் காற்று என்ற ஒன்றையே பற்றியவை என்பதை எவரும் அவருக்கு விளக்கியிருக்கவில்லை. அதனை இங்கு சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

காற்றின் ஈரப்பதனை அளக்க நாம் பயன்படுத்தும் சாரீரப்பதன் என்பது ஒரு விகிதம் மாத்திரமே. குறித்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் உச்ச அளவில், அது உண்மையில் எவ்வளவைத் தாங்கியுள்ளது என்பதையே அது கூறுகின்றது. காற்று சூடேற ஏற அந்த உச்ச அளவு விரைவாகக் கூடுகின்றது. 25 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 33 பாகையில் ஏறத்தாழ 35½ கிராமைத் தாங்கும். வரண்ட பருவத்து நாளொன்றை எடுத்துக்கொள்வோம். அதிகாலை ஐந்து மணிக்கு வெப்பநிலை 25 பாகை, சாரீரப்பதன் 90 சதவீதம் எனின், காற்றில் உள்ள நீராவி ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 20.7 கிராம். அதே காற்று, ஒரு துளி ஈரத்தையும் இழக்காமல், பிற்பகலில் 33 பாகைக்குச் சூடேறினால் சாரீரப்பதன் 58 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காளான் மொட்டு கருகுவது அப்போதுதான்.

ஆகவே, நண்பகலில் கொட்டிலில் நீர் குறைந்துவிட்டது என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் தவறு. நீர் அங்கேயே இருக்கின்றது, வெப்பந்தான் கூடிவிட்டது. மேற்சொன்ன காற்றை நிழலினாலும் நல்ல கூரையினாலும் 27 பாகையில் வைத்திருக்க முடியுமானால், வாளித் தண்ணீர் எதுவும் ஊற்றாமலேயே சாரீரப்பதன் 80 சதவீதத்தில் நிற்கும். சிப்பிக் காளானுக்கு வேண்டியது 80 முதல் 90 சதவீதம் வரையிலான ஈரப்பதன்தான். முதலில் வெப்பத்தைக் கட்டுப்படுத்து, ஈரப்பதனில் பாதி வேலை தானாகவே முடிந்துவிடும் என்பதே இக்கணக்கின் பொருள். தண்ணீர் அதற்கு அடுத்த நிலையிலேயே வருகின்றது.

இக்காரணத்தினாலேயே கூரை பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். பாதுகாப்பானது, நீடித்து உழைக்கும், கணக்கில் காட்ட வசதியானது என்பதற்காகத் திட்டங்கள் தகரத்தைத் தெரிவு செய்கின்றன. தகரம் பகலில் அடுப்புத்தட்டுப் போலக் காய்ந்து, வெப்பத்தை நேரே கீழே இறக்குகின்றது. இரவில் அதே தகரம் வெளிக்காற்றை விடவும் குளிர்ந்து, உட்புறத்தில் வியர்த்து, அந்த நீர் பைகளின் மேல் சொட்டுகின்றது. பகலில் வரட்சியும் இரவில் நீர்ச்சொட்டும் ஒரே கூரையிலிருந்து வருவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் காளான் கொட்டில் அழிவதற்கு அதனை விட இலகுவான வழி இல்லை. நமது முன்னோர் மாட்டுக் கொட்டிலுக்குக் கூடக் கிடுகும் பனையோலையும் வேய்ந்தனர். ஓலைகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கின்றது. ஓலை ஈரத்தை உறிஞ்சி மெதுவாக விடுகின்றது. தகரம் ஏற்கனவே போடப்பட்டுவிட்டது எனின், அதன் மேல் கிடுகைப் பரப்புவதும், உள்ளே ஓரடி இடைவெளி விட்டு இரண்டாவது ஓலைத் தட்டி ஒன்றைக் கட்டுவதும் அதிக செலவின்றிச் செய்யக்கூடியவை. மாமரம் அல்லது வேம்பின் நிழலில், நீளவாக்கில் கிழக்கு மேற்காக, மேற்கு வெயில் பக்கச்சுவரில் அறையாதவாறு கொட்டிலை அமைப்பது அதை விடவும் நல்லது. தரையில் மூன்று அங்குலம் மணல் பரப்பி, காலையில் அதனை நனைத்துவிட்டால் நாள் முழுவதும் அது சிறிது சிறிதாக ஈரத்தைத் தந்துகொண்டிருக்கும்.

நனைத்த சாக்குகளைப் பக்கங்களில் தொங்கவிடுவது பலரும் அறிந்த உபாயம். நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் குளிர்ச்சி உண்டாகின்றது. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே கூறிய 33 பாகை, 58 சதவீதக் காற்றை நீரால் மாத்திரம் எவ்வளவுதான் குளிரச் செய்தாலும் ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே கொண்டுவர முடியாது. நடைமுறையில் 28, 29 பாகையில் நின்றுவிடும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் கச்சான் வீசும் மாதங்களில், காற்று வரண்டு இருப்பதால் சாக்கு நன்கு வேலை செய்யும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காலத்திலும் ஓரளவுக்கு அவ்வாறே. கொழும்பு, களுத்துறை போன்ற ஈர வலயப் பகுதிகளிலும், மாரி காலத்தில் எல்லாப் பகுதிகளிலும் காற்று ஏற்கனவே நீரால் நிறைந்திருப்பதால், சாக்கை நனைத்துப் பயனில்லை. அப்போது அது பூஞ்சணம் வளரும் இடமாகவே மாறும்.

எந்த அளவு வெப்பம் ஏற்றது என்பது காளானின் இனத்தைப் பொறுத்தது. மொட்டுக் காளான் 14 முதல் 18 பாகை வரை கேட்கின்றது. குளிரூட்டி இல்லாமல் மலைநாட்டுக்கு வெளியே அதனை நினைத்தும் பார்க்க முடியாது. சிப்பிக் காளான் இனங்கள் பெரும்பாலும் 20 முதல் 30 பாகை வரை பூக்கின்றன. வைக்கோல் காளானும் பால் காளானும் 30 முதல் 35 பாகை வரையிலும் விளைகின்றன. பால் காளானை வணிக ரீதியில் வளர்க்கும் முறை 1990களின் இறுதியில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டதாகும்; வெப்பமான சமவெளிகளே அதற்கு உகந்தவை. சித்திரை, வைகாசியில் வவுனியாவிலும் திருகோணமலையிலும் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டுவதை விட, அம்மாதங்களுக்கு இனத்தை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். நெல்லரிவுக்குப் பின் வைக்கோலை வயலிலேயே எரித்துவிடும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதி விவசாயக் குடும்பங்களுக்கு வைக்கோல் காளான் இன்னும் பொருத்தமானது.

பைக்குள் இருக்கும் வெப்பம் வெளியே இருப்பதை விடவும் இரண்டு, மூன்று பாகை கூடுதலாகவே இருக்கும். பூசண இழைகள் மரத்தூளை உண்டு சுவாசிப்பதால் வெப்பம் பிறக்கின்றது. பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் அவ்வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும். 40 பாகையை அண்மிக்கும்போது இழைகள் மடியத் தொடங்கும். ஈர வலயத்திலிருந்து இறப்பர் மரத்தூள் பைகளை லொறியில் ஏற்றிப் பகல் வெயிலில் வடக்குக்குக் கொண்டுவருவோர் இதனைக் கவனத்திற்கொள்ளல் வேண்டும். வந்திறங்கும்போது வெண்மையாகவே தோன்றும் பைகள், வழியிலேயே பாதி செத்திருக்கக்கூடும்.

அளக்கும் கருவியின்றி இவ்வளவையும் எவ்வாறு கவனிப்பது என்ற கேள்வி நியாயமானது. இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழைப் பருத்தித் துணியால் சுற்றி, துணியின் முனை ஒரு சிரட்டைத் தண்ணீரில் தோய்ந்திருக்குமாறு கட்டி, மற்றையதை அருகில் உலர்ந்தவாறே தொங்கவிட வேண்டும். பாடசாலை விஞ்ஞானப் பாடத்தில் நாம் படித்துவிட்டு மறந்துபோன ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இதுவே. அட்டையொன்றினால் சில நிமிடம் விசிறியபின் இரண்டையும் வாசிக்க வேண்டும். உலர்குமிழ் 30 பாகையைக் காட்டும்போது, இரண்டுக்குமிடையில் 2 பாகை வித்தியாசம் இருந்தால் சாரீரப்பதன் ஏறத்தாழ 85 சதவீதம். 3 பாகை எனின் 79. 5 பாகை எனின் 66. வித்தியாசம் மூன்றைத் தாண்டினால் தரைக்கும் சுவருக்கும் தண்ணீர் தேவை. ஒன்றுக்குக் குறைந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். கடைகளில் விற்கும் சிறிய மின்கல மானியை வாங்கியிருப்போர் அதனை அப்படியே நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கலாம். போத்தல் மூடியொன்றில் கறியுப்பை இட்டு, கரைந்துவிடாமல் களியாக இருக்குமளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பெட்டியில் ஓர் இரவு வைத்தால் அது 75 சதவீதத்தைக் காட்ட வேண்டும். 68 காட்டினால், உங்கள் மானி அந்த மட்டத்தில் ஏழு குறைவாகச் சொல்கின்றது என்பது தெளிவு.

தண்ணீர் தெளிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நீர் காற்றுக்கே உரியது. காளானின் மேல் விழவேண்டியதன்று. விரிந்த குடைகளில் நீர் தேங்கி மணிக்கணக்கில் காயாதிருந்தால், பற்றீரியா தொற்றி மஞ்சள், கபிலப் புள்ளிகள் தோன்றும். அத்தகைய காளானைச் சந்தையில் எவரும் தொடமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகமாகையால் நுண்தூவல் குழாய்களின் துளைகள் விரைவில் அடைபடும். கரையோரக் கிணறுகளில் உவர் கலந்திருந்தால் அந்நீரை விட்டுவிட்டு மழைநீரைச் சேமிப்பதே உசிதம். பைக்குள் இடும் மரத்தூளின் ஈரத்துக்குக் கருவி வேண்டாம். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் வடியக் கூடாது.

அடுத்ததாக, காற்றோட்டம். நாம் சந்தித்த அப்பெண் செய்த தவறு இங்கேதான் நிகழ்ந்தது. காளான் தாவரமன்று, அது நம்மைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகின்றது. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று அதிகமாக உள்ளது. மூடிய கொட்டிலில் அது ஆயிரத்தைத் தாண்டிச் சில ஆயிரங்களை எட்டும்போது சிப்பிக் காளானின் தண்டு நீண்டு, குடை சுருங்கி, எக்காளம் போன்ற வடிவம் பெறும். நீண்ட தண்டைக் கண்டவுடன் வெளிச்சம் போதவில்லை என்று கூறிக் கூரையைப் பிரிப்போரும் உளர். வெளிச்சம் சிறிதளவே தேவை. உள்ளே நின்று ஒரு பத்திரிகையைச் சிரமமின்றி வாசிக்க முடிந்தால் போதும் என்பது காளான் வளர்ப்போர் மத்தியில் நிலவும் அளவுகோல். பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

காற்றை மாற்றினால் ஈரம் போய்விடுமே என்ற அச்சத்துக்கு, நேரத்தைத் தெரிவு செய்வதே விடை. இரவிலும் அதிகாலையிலும் வெளிக்காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கின்றது. அந்நேரத்தில் கீழ்ப்புறத் துவாரங்களையும் கூரையோர இடைவெளிகளையும் நன்கு திறந்துவிட வேண்டும். காலை ஒன்பது மணியளவில் பெரும்பகுதியை மூடி, ஒரு சிறு வழியை மாத்திரம் விட்டுவைத்தால், விடியற்காலைக் குளிர்ச்சியில் ஒரு பகுதி நண்பகல் வரை உள்ளே நிற்கும். மின்விசிறியை நம்பிக் கொட்டில் அமைத்தோர் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அமுலானபோது பட்ட பாட்டை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். துவாரங்கள் அனைத்துக்கும் நுண்வலை அடித்தல் அவசியம். இல்லாவிடின் சிறு ஈக்கள் புகுந்து பைக்குள் முட்டையிடும்.

இனி வாடை. கொட்டிலின் கதவைத் திறந்தவுடன் மூக்குக்கு எட்டுவதே அன்றைய நாளின் முதலாவது அறிக்கை. நல்ல நிலையிலுள்ள கொட்டிலில் புதுக்காளானின் இதமான மணம் இருக்கும். புளித்த கஞ்சி போன்ற வாடை வீசினால், மரத்தூளில் நீர் கூடிவிட்டது அல்லது பைகள் சரியாக அவிக்கப்படவில்லை என்று பொருள். அமோனியாவின் நெடி மூக்கைத் துளைத்தால், தவிடும் சோயா மாவும் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அழுகிய முட்டையின் நாற்றம், காற்றுப் புகாமல் நீர் தேங்கிய பையைக் காட்டிக்கொடுக்கும். மீன் அழுகினாற் போன்ற வாடை, பறிக்காமல் விட்ட காளான்களில் பற்றீரியா புகுந்துவிட்டதன் அடையாளம். பச்சைப் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே பழைய சுவரின் புழுங்கல் வாடையாக வெளிப்படுவதும் உண்டு.

வாடையைப் போக்கச் சாம்பிராணி போடுவதும், ஊதுபத்தி, நுளம்புச் சுருள் கொளுத்துவதும், வாசனைத் திரவியம் தெளிப்பதும் நமது மக்களிடையே காணப்படும் வழக்கம். வீட்டுக்கு அது சரி. கொட்டிலில் அப்புகை மொட்டுகளைப் பாதிப்பதோடு, எச்சரிக்கையையும் மறைத்துவிடுகின்றது. ஈக்களை ஒழிக்கப் பீடைநாசினி அடிப்பது இன்னும் பாரதூரமானது; இரண்டு நாட்களில் உண்ணப்போகும் உணவின் மேல் அது படிகின்றது. செய்யவேண்டியது எளிது. வாடை வரும் பையைத் தேடிப் பிடித்து, அதன் வாயை ஈரத்துணியால் மூடி, உள்ளே வைத்துத் திறக்காமல் தூரக் கொண்டுசென்று புதைத்துவிட வேண்டும். பச்சைப் பூஞ்சணம் படிந்த பையைக் கொட்டிலுக்குள் ஒரு தடவை உதறினால், கோடிக்கணக்கான வித்திகள் மற்றைய பைகள் அனைத்தையும் சென்றடையும்.

வித்திகளைப் பற்றிப் பேசும்போது மனிதரின் சுவாசத்தையும் மறந்துவிடலாகாது. சிப்பிக் காளான் முதிர்ந்து குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும்போது வெண்தூளாக வித்திகளைக் கொட்டுகின்றது. மூடிய அறையில் அதனை நாள்தோறும் சுவாசிப்போருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படலாம். மருத்துவத்தில் இது காளான் தொழிலாளரின் நுரையீரல் நோய் என்றே பெயர் பெற்றுள்ளது. வேலை முடித்துச் சில மணி நேரத்தின் பின்னர் காய்ச்சல், வரட்டு இருமல், நெஞ்சிறுக்கம் தோன்றுவதால், தடிமன் என்று எண்ணி அலட்சியம் செய்யப்படுகின்றது. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பைகளை அடுக்கி, அடுத்த அறையில் குழந்தைகளை உறங்கவைப்பதை நாம் எவ்விதத்திலும் ஆதரிக்க முடியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது அபாயகரமானது. ஓரம் சுருளும் முன்னரே பறித்தல், உள்ளே நுழைவதற்கு முன் கால் மணி நேரம் திறந்துவைத்தல், முகக்கவசம் அணிதல் ஆகியன கட்டாயமானவை. கொவிட் காலத்தின் பின்னர் முகக்கவசம் யாருக்கும் புதிதன்று.

காத்தான்குடி போன்று வீட்டுச் சுவர்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் ஊர்களில் அயலவரையும் எண்ண வேண்டியுள்ளது. வெளியேறும் காற்று அடுத்த வீட்டு யன்னலை நோக்காதவாறு துவாரத்தை உயரத்தில் வைத்தல் முதற்படி. செல்வந்த நாடுகளில் உள்ளக வளர்ப்பறைகளில் உறிஞ்சு விசிறியின் முன்னே செயலூட்டப்பட்ட கரி வடியைப் பொருத்தி வாடையைத் தடுக்கின்றனர். அக்கரியில் ஒரு பகுதி நமது நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாராகி ஏற்றுமதியாவது என்பது பலர் அறியாத செய்தி. எனினும் ஈரம் மிகுந்த காற்றில் கரியின் நுண்துளைகளை நீரே நிரப்பிவிடுவதால், 85 சதவீத ஈரப்பதனுள்ள காளான் கொட்டிலில் அது எதிர்பார்க்கும் பயனைத் தராது. அடுப்புக்கரியைக் கூடையில் கட்டித் தொங்கவிடுவதில் எவ்விதப் பயனும் இல்லை.

உதவித் திட்டங்களை வகுப்போருக்கு ஒன்று கூறவேண்டியுள்ளது. நுண்கடன் சுமை தாளாமல் பெண்கள் வீதிக்கு வந்து, 2018ஆம் ஆண்டு வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அக்கடனின் ஒரு பகுதியை அரசாங்கம் பொறுப்பேற்க நேர்ந்ததை நாடு அறியும். அத்தகைய கடனில் வாங்கப்பட்ட நூறு பைகள் ஒரு வெப்பக் கிழமையில் அழிந்துபோவது வெறும் விவசாய நட்டம் அன்று. பைகளை வழங்கும் நாளில் புகைப்படம் எடுக்கும் அதிகாரிகள், இரண்டு வெப்பமானிகளையும் சேர்த்து வழங்கி, பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு தடவையேனும் திரும்பிவந்து பார்ப்பார்களாயின் கொட்டில்கள் பல காப்பாற்றப்பட்டிருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் மச்சம் தவிர்க்கும் குடும்பங்களால் யாழ்ப்பாணத்தில் மரக்கறிக்குத் தேவை கூடுகின்றது. அது ஆடி, ஆவணி வெக்கைக் காலம். சந்தை இருக்கும் வேளையில் கொட்டில் வெறுமையாகக் கிடப்பதே இன்றைய நிலை.

கடைசியாக, அறுவடை முடிந்த பைகள். வாடை பற்றிய முறைப்பாடுகளில் பல கொட்டிலுக்குள்ளிருந்து அல்ல, அதன் பின்புறத்தில் குவித்துவிடப்பட்ட இப்பைகளிலிருந்தே எழுகின்றன. ஈக்கள் பெருகி மீண்டும் கொட்டிலுக்குள் வருவதும் அங்கிருந்தே. பொலித்தீனைக் கழற்றிவிட்டு, மரத்தூளைச் சாணியோடும் இலைகுழையோடும் அடுக்கி, மண்ணால் மூடி இரண்டு, மூன்று மாதம் மக்கவிட்டால் வாழைக்கும் கத்தரிக்கும் நல்ல பசளையாகும். குவியல் கொட்டிலிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தூரத்தில், காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். சோளகம் பெயர்ந்து வாடைக்காற்று தொடங்கும்போது அத்திசையும் மாறிவிடும் என்பதால், அவ்வேளையில் குவியலையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும்.